மனநோய்க்கான மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்துவதா? விவாத இழை

கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

மருத்துவத் துறையில் இருப்பவர்களும் நோயோடு வாழ்பவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். என் தம்பிக்குக் கல்லூரியின் இறுதி ஆண்டில் மனச்சிதைவு நோய் வந்தது. பக்கத்து வீட்டார் சுவருக்கு அந்தப்புறம் நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்பி, உறக்கமும் சோறும் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தான். அரசு மருத்துவமனையில் ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்லக் குரல்கள் அடங்கின. இப்போது மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறான், மாதச் சம்பளம் வாங்குகிறான். ஆனால் உடல் பெருத்துவிட்டது, காலையில் எழுவது பெரும்பாடாக இருக்கிறது, தெருவில் எல்லோரையும் தோற்கடித்த கேரம் ஆட்டத்தில்கூட இப்போது விருப்பமில்லை.

உறவினர் ஒருவர் அனுப்பிய காணொளியில், மனநோய் மருந்துகள் அனைத்தும் மூளையை அழிக்கும் நஞ்சு என்றும், நிறுவனங்கள் தங்கள் வியாபாரத்துக்காகவே நோய்களை உருவாக்குகின்றன என்றும் ஒருவர் பேசுகிறார். அதைப் பார்த்த நாளிலிருந்து தம்பி நிறுத்தப்போவதாகச் சொல்கிறான். இந்த மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா, அல்லது ஆளை அடக்கி மட்டும் வைக்கிறதா? நிறுத்துவதற்கு அவனுக்கு உரிமை உண்டென்றால், தடுப்பதற்கு எனக்கு உரிமை உண்டா? அம்மாவிடம் இதைப் பேசினால் அழுகிறார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ராயபுரம் மருந்தாளுநர் எழுதியது:

அம்மா, பணிக்காலம் முழுவதும் மருந்து எண்ணிக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த மருந்துகள் வருவதற்கு முன் என்ன நிலை இருந்தது என்பதை அந்தக் காணொளிக்காரர் சொல்லியிருக்கமாட்டார். நம் ஊரில் 1794ஆம் ஆண்டே மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கப்பட்டுவிட்டது. 1871இல் அது இன்று கீழ்ப்பாக்கம் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் இடத்துக்கு வந்தது. அதன்பிறகும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகில் எந்த மருத்துவரிடமும் மனச்சிதைவுக்கென்று பயனுள்ள மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. அடைத்து வைப்பதும், அசதியூட்டும் மருந்து கொடுப்பதும், இன்சுலின் செலுத்தி மயக்கத்தில் ஆழ்த்துவதுமே சிகிச்சை என்று கருதப்பட்டன. உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவில்லை.

1952இல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சையின்போது நோயாளியை அமைதிப்படுத்துவதற்காகப் பயன்பட்ட மருந்து அது. ஆண்டுக்கணக்கில் பிதற்றிக்கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் கோர்வையாகப் பேசத் தொடங்கினார்கள். புறநோயாளியாக வந்து, சீட்டுப் பதிந்து, ஒரு மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்ற வழக்கமே அதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், மருந்து நோயை அடக்குகிறது, பெரும்பாலானவர்களுக்கு வேரோடு நீக்குவதில்லை என்பதே. 2012இல் லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 27 பேர். மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 64 பேர். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டும் மருந்துகள் மற்ற மருத்துவத் துறைகளிலும் அதிகம் இல்லை.

பெரம்பூர் கேள்விக்குறி எழுதியது:

ஐயா சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வரலாற்றின் ஒரு பாதி. அதே மருந்துகளை நீண்டகாலம் உட்கொண்டவர்களுக்கு வாயும் நாக்கும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் கோளாறு வந்ததையும், அது சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்பும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் கோபம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. என் தந்தை இறந்தபின் அம்மா உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தார். தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். உட்கார்ந்த சற்று நேரத்திலேயே சீட்டு எழுதிவிட்டார்; மனச்சோர்வுக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று, மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்று, அந்த மருந்தால் கை நடுங்காமலிருக்க இன்னொன்று. அந்த கடைசி மாத்திரையால்தான் அம்மாவுக்கு மறதியும் குழப்பமும் மலச்சிக்கலும் வந்தன என்பது வேறொரு மருத்துவரிடம் போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணவனை இழந்த பெண்ணின் துக்கத்தை யாரும் கேட்கவே இல்லை.

'சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுவதுபோல இதுவும்' என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். சர்க்கரையை இரத்தத்தில் அளந்து காட்ட முடியும். மனச்சோர்வை எந்தப் பரிசோதனையில் அளந்தார்கள்? மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்று பல பத்தாண்டுகளாகச் சொன்னார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஜோனா மான்கிரீஃப் என்ற பிரித்தானிய மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2022இல் எழுதினார்கள். காரணமே தெரியாத நோய்க்கு ஆயுள் முழுவதும் மருந்து என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

காசிமேடு எழுதியது:

கேள்வி கேட்பது நல்லதுதான். ஆனால் மருந்தை விட்டவர்களை எங்கள் பகுதியில் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். என் பெரியப்பாவைக் கோயில் கோயிலாகக் கூட்டிச் சென்று, கடைசியில் சங்கிலி போடும் ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து இறந்தார்கள், 28 உயிர்கள். பெரியப்பா இருந்த இடம் அதுவல்ல, ஆனால் செய்தி வந்த அன்றே போய் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் நான் எதிரியல்லன். ஏர்வாடியிலேயே பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வந்தது, அது சரியான வழி.

துறைமுகத் தொழிலாளி எழுதியது:

நான் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவன், பல ஆண்டுகளாக லித்தியம் உட்கொள்கிறேன். பெயரைப் போடாமல் எழுதுவதற்குக் காரணம் வேலை. மற்றபடி இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம்.

கேள்விக்குறி அண்ணன் கேட்ட 'காரணம் தெரியாத நோய்க்கு மருந்தா' என்ற கேள்விக்கு, என் உடம்பே ஒரு பதில். லித்தியம் எப்படி வேலை செய்கிறது என்பது இன்றைக்கும் முழுமையாகத் தெரியாது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் வெறிநிலையில் இருந்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, அவர்கள் தெளிந்ததைப் பதிவு செய்தார். காரணம் தெரிந்தபிறகுதான் கொடுப்பேன் என்று அவர் காத்திருந்தால் நான் இன்று வேலையோடும் குடும்பத்தோடும் இருந்திருக்கமாட்டேன். வெறிநிலை ஏறியபோது நான் செய்த கடன்களை அடைக்க என் மனைவியின் நகைகள் போயின. மனம் தாழ்ந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தற்கொலை எண்ணத்தின் ஆபத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று இந்தத் துறையில் மிக வலுவானவற்றுள் ஒன்று என்று என் மருத்துவர் சொல்வார், நான் அதை நம்புகிறேன்.

ஆனால் இதே மருந்து கவனமில்லாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும், அதையும் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் லித்தியத்தின் அளவு பெரும்பாலும் 0.6க்கும் 1.0க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தொடங்கிவிடலாம். கத்திரி வெயிலில் கப்பல் தளத்தில் நின்று வியர்வை கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, தண்ணீர் போதாமல் அளவு ஏறிவிடும். இடுப்பு வலி என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் ஏறும். உடம்பு நோகும் வேலை செய்பவர்கள் வாழும் நம் பகுதியில், வலி மாத்திரை போடாத ஆள் யார்? எனக்கு இதை ஒரு செவிலியர்தான் விளக்கினார். சீட்டு எழுதிய யாரும் சொல்லவில்லை. தலைச்சுற்றல், வாந்தி, கை நடுக்கம் அதிகமாதல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றுள் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

பெரம்பூர் கேள்விக்குறி எழுதியது:

தம்பி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் வாதமும் இருக்கிறது. உங்களுக்குச் செவிலியர் ஒருவர் கிடைத்தார், என் அம்மாவுக்கு யாரும் கிடைக்கவில்லை.

கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆங்கில மருந்தை விட்டுவிட்டுச் சர்ப்பகந்தா என்ற மூலிகையைக் கொடுங்கள், பக்கவிளைவே கிடையாது என்று அந்த உறவினர் சொல்கிறார். அது உண்மையா?

ராயபுரம் மருந்தாளுநர் எழுதியது:

சர்ப்பகந்தாவை வெறும் மூலிகை என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா, அதுவும் வலுவான மருந்துதான். மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை 1931இல் சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின், அந்தப் பத்தாண்டில் உலகெங்கும் மனச்சிதைவுக்குக் கொடுக்கப்பட்டது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்குவது, மனச்சோர்வு வருவது போன்ற தொல்லைகளால்தான் பின்னர் அது வழக்கொழிந்தது. பக்கவிளைவே இல்லை என்பவர், அளவு தெரியாத பொடியைக் கொடுக்கிறார் என்று பொருள். இப்போது உண்ணும் மாத்திரையோடு சேர்த்து எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மனநலச் செவிலியர் எழுதியது:

வடசென்னையில் மனநலப் பிரிவில் பணியாற்றுகிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. இதுவரை படித்ததில், மருந்து வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே குறையைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மருந்துகளுக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கு மனச்சிதைவையும் இருமுனைக் கோளாறையும் பொறுத்தவரை விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மருந்தை உட்கொள்பவர் தன் உடம்பில் நடப்பதைச் சொல்லவும், அதை ஒருவர் கேட்டு அளவை மாற்றவும் நேரம் இருக்கிறதா என்பதே நம் பகுதியில் மருந்தின் பயனைத் தீர்மானிக்கிறது. மாத்திரை இங்கே இலவசம்; தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு வந்துவிடுகிறது. கேட்பவருடைய நேரம்தான் கிடைப்பதில்லை. கூட்டமான நாளில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான், அதிலும் பேசுவது பெரும்பாலும் கூட வந்தவர். 'தொந்தரவு இல்லை, அமைதியாக இருக்கிறார்' என்பார். அமைதியாக இருப்பது வீட்டாருக்குப் போதும், அந்த மனிதருக்குப் போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

சகோதரி, உங்கள் தம்பியின் நிலைக்கு வருகிறேன். ரிஸ்பெரிடோன் எடையைக் கூட்டும், அது தெரிந்ததே. ஆனால் இளைஞர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. இந்த மருந்து புரோலாக்டின் என்ற சுரப்பை உயர்த்தும். அதனால் ஆண்களுக்குப் பாலுணர்வு குறையலாம், மார்பு சற்றுப் பெருக்கலாம். திருமண வயதில் இருக்கும் பையன் அக்காவிடம் அதைச் சொல்லமாட்டான், சொல்லாமல் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுவான். மருத்துவரிடம் தனியாகப் பேசும் வாய்ப்பை அவருக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். அளவைக் குறைக்கலாம், எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிப்பிப்ரசோல் போன்ற வேறொரு மருந்துக்கு மெதுவாக மாற்றலாம். கேரம் ஆட்டத்தில் விருப்பம் போனது மருந்தாலும் இருக்கலாம், நோயின் எஞ்சிய கூறாகவும் இருக்கலாம், உள்ளே ஒரு மனச்சோர்வு இருப்பதாலும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறு. உட்கார்ந்து கேட்காமல் இதைப் பிரித்தறிய எந்த வழியும் இல்லை.

கால்கள் ஓரிடத்தில் நில்லாமல் துடிப்பது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது ஆகியவையும் மருந்தின் விளைவாக வரக்கூடும். அதை நோய் முற்றிவிட்டது என்று தவறாக எண்ணி, மருந்தை இன்னும் கூட்டிய நிகழ்வுகளை நான் கண்டிருக்கிறேன். பீடி புகைப்பவருக்கு ஒலான்ஸபின், குளோசபின் ஆகிய மருந்துகள் உடலில் விரைவாகக் கரைந்துவிடும். அவர் திடீரென்று பீடியை விட்டால் அதே அளவு மாத்திரை மிகையாகி, நாள் முழுவதும் மயங்கிக் கிடப்பார். இதையெல்லாம் கேட்பதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் பாதிப் பேர் மருந்தை விட்டிருக்கமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உரிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, விவரங்களைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறன் உள்ள எவருக்கும் தன் சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு. மனநோய் இருக்கிறது என்பதாலேயே அந்தத் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது. நோய் முற்றி அந்தத் திறன் குறையும் காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தன் சார்பாக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். உங்கள் தம்பி கணக்கெழுதும் வேலையில் இருக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். ஆகவே முடிவு அவருடையது. உங்களுக்குத் தெரியாமல் அவர் நிறுத்தாமலிருக்கும் அளவுக்கு நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் உங்கள் பங்கு. சோற்றில் கலந்து கொடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். ஒருநாள் அது வெளிப்படும், அன்றிலிருந்து உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்.

பெரம்பூர் கேள்விக்குறி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'விடை கிடைத்துவிட்டது' என்பதை ஏற்க முடியாது. நெதர்லாந்தில் முதன்முறையாக நோய்வாய்ப்பட்டுத் தெளிந்தவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முயன்ற பிரிவில் மீட்சி பெற்றவர்கள் 40 விழுக்காட்டினர். வழக்கம்போலத் தொடர்ந்த பிரிவில் 18 விழுக்காட்டினர்தாம். ராயபுரம் ஐயா காட்டியது ஓராண்டுக் கணக்கு. மனிதன் வாழ்வது ஓராண்டு அல்லவே.

மனநலச் செவிலியர் எழுதியது:

அந்த ஆய்வு முக்கியமானது, அதைக் குறிப்பிட்டதற்கு நன்றி. ஆனால் அதோடு 2023இல் இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை நடத்தியவர் நீங்கள் முன்பு குறிப்பிட்ட அதே மான்கிரீஃப். நீண்டகால நோய் உள்ள 253 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வேலை, உறவு, அன்றாடச் செயற்பாடு ஆகியவற்றில் குறைத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்த பிரிவில் 25 விழுக்காடு, தொடர்ந்த பிரிவில் 13 விழுக்காடு. மருந்தை ஐயத்தோடு பார்க்கும் ஒருவர், தன் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டார். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

பெரம்பூர் கேள்விக்குறி எழுதியது:

குறைத்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்குக் கடுமையாகத் திரும்பவில்லை என்றும் அதைப் படிக்கலாம். அந்த 75 பேரில் தானும் ஒருவனா என்று அறிய விரும்புவதற்கு அந்தத் தம்பிக்கு உரிமை இருக்கிறது.

மனநலச் செவிலியர் எழுதியது:

இருக்கிறது. மருத்துவருடன் சேர்ந்து, மாதக்கணக்கில் மெதுவாக, கவனிக்க ஆள் இருக்கும்போது முயலலாம். ஒரே நாளில் நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வியாசர்பாடி ஆசிரியர் எழுதியது:

இழையின் போக்கை மாற்றுவதற்கு மன்னிக்கவும். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் போட்டும் பயனில்லை. மேலே படித்தபிறகு தொடரவே அச்சமாக இருக்கிறது.

மனநலச் செவிலியர் எழுதியது:

ஐயா, இந்த மருந்து பயன் தருவதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். எனவே பலர் நன்மை வருவதற்கு முன் தொல்லையை மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். 2018இல் 21 மருந்துகளை 522 ஆய்வுகளின் வழியே ஒப்பிட்ட பெரிய தொகுப்பாய்வில், எல்லாமே வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. ஆனால் மேன்மையின் அளவு மிதமானதே. செரடோனின் குறைவுதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று கேள்விக்குறி அவர்கள் சொன்னதும் சரி, மருந்து பலருக்கு உதவுகிறது என்பதும் சரி. மனச்சோர்வு இலேசாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில் போதும். கடுமையாக இருந்தால் மருந்து தேவை. இளம் வயதினருக்குத் தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு நிறுத்தும்போதும் படிப்படியாகவே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தலைச்சுற்றலும் எரிச்சலும் உறக்கமின்மையும் வரும். உறக்கத்துக்கென்று அல்பிரசோலம் சேர்த்திருந்தால் அது எத்தனை நாளைக்கு என்று கட்டாயம் கேளுங்கள், அது பழக்கமாகிவிடக்கூடிய மருந்து. தாங்க முடியாத எண்ணம் எந்நேரத்தில் வந்தாலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

இந்த இழையைத் தம்பியிடமே படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தான். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. அளவைக் குறைக்க மருத்துவர் ஒப்புக்கொண்டால் வீட்டில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

துறைமுகத் தொழிலாளி எழுதியது:

அக்கா, முதலில் உறக்கத்தைக் கவனியுங்கள். எனக்கும் சரி, எங்கள் குழுவில் மனச்சிதைவு உள்ள நண்பர்களுக்கும் சரி, நோய் திரும்பும்போது பெரும்பாலும் உறக்கம்தான் முதலில் கெடுகிறது. ஆனால் நீங்கள் மட்டும் காவலாளிபோல் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். முன்பு நோய் வந்தபோது தொடக்கத்தில் என்னென்ன மாறின என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அவற்றுள் எத்தனை ஒன்றாக வந்தால் மருத்துவரிடம் போவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அந்தத் தாளின் ஒரு படி ஓ.பி. சீட்டோடு இருக்கட்டும்.

மனநலச் செவிலியர் எழுதியது:

அதோடு, அளவைக் குறைக்கும் முன் எடையையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து அதே சீட்டில் குறித்துவிடச் சொல்லுங்கள். புரோலாக்டின் அளவையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் நாள் எது என்று செவிலியர்களிடம் விசாரித்து அன்றைக்குப் போனால் மருத்துவருக்கும் பேச நேரம் கிடைக்கும். கிடங்கு வேலையில் அவருக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் நெருக்கடியானது என்றால், அந்த மாதம் கடந்தபிறகு குறைக்கத் தொடங்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.